கேளுங்க, தெரிஞ்சா சொல்றேன்: கதை எங்க கெடக்கு?

போன இதழ்ல ஒரு காலேஜ் பையன், எழுத்தாளன் ஆகணும்னா என்ன பண்ணணும்னு கேட்டிருந்தான். அதுக்கு பதிலா, பதினஞ்சு வயசுல கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன பிரஸ்ல லீவுக்கு வேலைக்குப் போனப்ப நான் பாத்த ஒரு ஆளப் பத்தி நாலு வரி சொல்லியிருந்தேன். அவ்ளோதான், இந்த தடவ வந்த கேள்வில முக்காவாசி அதே ரகம். பல்லு வலி, பட்டா மாத்தறது, மாமியார் பிரச்சனைன்னு எழுதிக் கேட்டவங்கல்லாம் கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல மொத இடம் உங்களுக்குத்தான்.

"அண்ணா வணக்கம். பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லரா இருக்கேன். சின்ன வயசுலேர்ந்தே கதைப் புத்தகம்னா பைத்தியம். ஆனா எழுதலாம்னு உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது. ரூம், கம்பெனி, மெஸ், திரும்ப ரூம். என் வாழ்க்கைல எதுவுமே நடக்கலண்ணா. எழுத்தாளருங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து இன்ஸ்பிரேஷன் வருது? ஒன்றரை ஷிப்டு முடிச்சுட்டு எழுதறேன், கையெழுத்து மோசமா இருந்தா மன்னிக்கணும்." (ஒரு வாசகர், திருப்பூர்)

தம்பி, எதுவுமே நடக்கலன்னு எழுதிட்டு அடுத்த வரிலயே ஒன்றரை ஷிப்டுன்னு போட்டிருக்கீங்க பாருங்க, எனக்கு அங்கயே கண்ணு நின்னுருச்சு. திருப்பூர்ல இருக்கறவங்களுக்கு அது சாதாரண வார்த்தை, தஞ்சாவூர்ல வயல் வச்சிருக்கறவருக்கு அது என்னன்னே தெரியாது, ஷிப்டு எப்படிய்யா பாதியா இருக்கும்னு கேப்பாரு. அந்த மிச்ச பாதில என்ன நடக்குது? டீ வருதா, வடையும் சேத்து வருதா? யாரு பாட்டு போடறாங்க, எந்தப் பாட்டுக்கு மத்தவங்க கத்தறாங்க? புள்ளைய பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்த, துணி மடிச்சுக் குடுக்கற கைமடி அக்கா எத்தன மணிலேர்ந்து ஃபோன எடுத்து எடுத்துப் பாக்க ஆரம்பிக்கறாங்க? சனிக்கிழமை சம்பளக் கவர வாங்கினதும் உங்க பக்கத்து மெஷின்காரரு உள்ள இருக்கற காச அங்கயே எண்றாரா, இல்ல பாத்ரூம் போய் எண்றாரா? பாத்ரூம் போய் எண்றாருன்னா ஏன்? இதுல ஒண்ணுக்கு நீங்க சரியா பதில் எழுதிட்டாலே பாதி கதை வந்தாச்சு.

புதுமைப்பித்தனோட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படிச்சிருப்பீங்க, படிக்கலன்னா இன்னிக்கே தேடிப் படிங்க. சாட்சாத் கடவுளே மெட்ராசுக்கு வந்து எறங்கற கதை. நானா இருந்தா மொத வரிலயே வானத்துல ஒரு வெளிச்சம் போட்டிருப்பேன். அவரு என்ன பண்ணாரு தெரியுமா, பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேர்ற எடத்துல கந்தசாமிப் பிள்ளைய நிக்க வச்சு, டிராம்ல போறதா, இல்ல காச மிச்சம் பண்ணி வெத்தலபாக்கு போட்டுக்கிட்டு நடக்கறதான்னு கணக்குப் போட விட்டாரு. கடவுள் அதுக்கப்புறம்தான் வராரு. அந்த அணாக் கணக்கு அவ்ளோ சுத்தமா இருக்கறதாலதான் பின்னாடி கடவுள் காப்பி சாப்பிட வந்தாலும் நாம நம்பறோம்.

அசோகமித்திரன் இன்னொரு ஆளு. 1952-லேர்ந்து 1966 வரைக்கும் ஜெமினி ஸ்டுடியோல வேலை பாத்தாரு. என்ன வேலை? நியூஸ்பேப்பர்ல வர்ற விஷயத்த கட் பண்ணி ஃபைல்ல போடற வேலை. நாள் முழுக்க பேப்பர கிழிச்சுக்கிட்டே உக்காந்திருக்கறதப் பாத்துட்டு, இவருக்கு வேலையே இல்லன்னு நெனச்சு ஆளாளுக்கு அவரு ரூமுக்குள்ள பூந்து லெக்சர் அடிச்சுட்டுப் போவாங்களாம், அவரே எழுதியிருக்காரு, பன்னண்டாங்கிளாஸ் இங்கிலீஷ்ல பாடமாவும் வந்துச்சு. ரூம், கம்பெனி, மெஸ்ங்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல தம்பி. அப்புறம் ஒரு சமயம் மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சம், பைப்புல காத்துதான் வருது, சனங்க குடத்தத் தூக்கிக்கிட்டு தெருத்தெருவா அலையுது. எல்லாரும் கார்ப்பரேஷன திட்டிட்டு படுத்துட்டாங்க. அவரு 'தண்ணீர்'னு ஒரு நாவல் எழுதினாரு.

உங்களுக்கு ஒரு வேலை குடுக்கறேன், ஒரு மாசத்துக்கு கதை எழுதாதீங்க. பாக்கெட் நோட்டு ஒண்ணு வாங்குங்க, கம்பெனில புழங்கற வார்த்தைய மட்டும் அதுல எழுதுங்க. பீஸ் ரேட்டப் பத்தி சண்டை வரும்போது என்ன வார்த்தை வருது, டாமேஜ் ஆன பீஸ யாரு தலைல கட்டுவாங்க, அத எப்படி சொல்லுவாங்க, ஊசி ஒடஞ்சா என்ன சொல்லிக் கத்துவீங்க, ஒடிசாலேர்ந்து வந்த பையன் தமிழ்ல மொத மொத கத்துக்கிட்ட வார்த்தை எது. கருத்து வேண்டாம், 'ஏழைகளின் கண்ணீர்'னு எல்லாம் எழுதிறாதீங்க, வார்த்தை மட்டும். முப்பது நாள் கழிச்சு நோட்டப் பிரிச்சா அதுல ரெண்டு பேரு பேசிக்கிட்டு இருப்பாங்க, நீங்க கிட்டப் போய் நின்னாப் போதும்.

"கல்யாணமாகி பன்னண்டு வருஷம். ரெண்டு பசங்க. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சா ராத்திரி பத்தரைக்குத்தான் உக்கார்றேன். எழுதணும்னு சொன்னா வீட்டுக்காரர் சிரிக்கறாரு. எப்ப எழுதறது, எங்க எழுதறது?" (ஒரு வாசகி, திண்டுக்கல்)

அம்மா, உங்க கேள்விக்கு கவிஞர் சல்மா ரொம்ப வருஷம் முன்னாடியே பதில் சொல்லிட்டாங்க. துவரங்குறிச்சிக்காரங்க, பெரிய மனுஷி ஆனதும் படிப்ப நிறுத்திட்டாங்க, கல்யாணத்துக்கப்புறம் எழுதறது வீட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு ராத்திரில டாய்லெட்டுக்குள்ள நின்னு எழுதினாங்க, எழுதின தாள் அவங்க அம்மா மூலமா வெளிய போச்சு. சல்மாங்கறதே வீட்டுக்குத் தெரியாம இருக்கறதுக்காக வச்சுக்கிட்ட பேருதான். இப்ப அவங்க ராஜ்யசபா எம்.பி. அதுக்கும் முன்னாடி வை.மு. கோதைநாயகி. அஞ்சாறு வயசுல கல்யாணம், ஆரம்பத்துல சரளமா எழுத வராது. அதனால என்னன்னு அவங்க வாயால சொல்லச் சொல்ல தோழி ஒருத்தங்க எழுதிக்கிட்டாங்க, அப்படி வந்ததுதான் மொத நாடகம். 1925-லேர்ந்து 'ஜகன்மோகினி'ன்னு ஒரு பத்திரிகையவே நடத்தினாங்க, நூத்துக்கும் மேல நாவல் எழுதினாங்க. 

இதெல்லாம் சொன்னா, அவங்கல்லாம் பெரியவங்க சார்னு நீங்க சொல்லுவீங்க, தெரியும். அதனால சின்னதா ஒண்ணு. உங்க வீட்டுல தினசரி காலண்டர் இருக்கும்ல, நல்ல நேரம் ராகு காலம் போட்டு ஜவுளிக்கடையோ நகைக்கடையோ குடுத்தது. காலைல நேத்து தாளக் கிழிப்பீங்க. அதத் தூக்கிப் போடாம பின்பக்கம் வெள்ளையா இருக்கற எடத்துல, நேத்து நடந்ததுல ஒண்ணே ஒண்ணு, குக்கர் மூணாவது விசில் வர்றதுக்குள்ள எழுதிருங்க. எடமும் அவ்ளோதான் இருக்கும், நேரமும் அவ்ளோதான் இருக்கும். சின்னவன் டிபன் பாக்ஸ்ல மிச்சம் வச்ச இட்லிய எப்படி மறைச்சான், பால்காரரு ஏன் நேத்து பெல் அடிக்காம போனாரு, இப்படி. தேதி முன்பக்கம் அதுவே இருக்கும், நீங்க போட வேண்டாம். எங்க அத்தை ஒருத்தங்க மளிகைக் கணக்க இப்படித்தான் எழுதுவாங்க, இடையில இடையில கணக்குக்கு சம்பந்தமே இல்லாம ஒரு வரி இருக்கும். 'உ.பருப்பு 2 கிலோ, வெல்லம் அரை, இன்னிக்கும் லெட்டர் வரல.' யாரு லெட்டர், எதுக்கு காத்திருந்தாங்க, வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல, கேக்கவும் அவங்க இல்ல. இருபது வருஷமா அந்த ஒரு வரி எனக்குள்ள ஓடுது.

வீட்டுக்காரர் சிரிக்கறாருன்னா சிரிக்கட்டும். அவரு சிரிக்கறதயும் ஒரு தாள்ல எழுதி வைங்க, பல்லு தெரிய சிரிக்கறாரா, டிவியப் பாத்துக்கிட்டே சிரிக்கறாரான்னு. பின்னாடி ஒதவும்.

"மூட் வந்தாத்தான் எழுத வருது சார், மூட் வர என்ன செய்யணும்?" (ஒரு வாசகர், கும்பகோணம்)

காப்பி மாஸ்டருக்கு மூட் வரலன்னு உங்க ஊர்ல எந்தக் கடையாவது காலைல தொறக்காம இருந்திருக்கா?

"நான் திருநெல்வேலிப் பக்கம். எங்க ஊரு பேச்சுல எழுதினா மத்த ஊர்க்காரங்களுக்குப் புரியாதுன்னு ஃப்ரெண்டு சொல்றான். பொதுத் தமிழ்ல எழுதறதா, ஊர்த் தமிழ்ல எழுதறதா?" (கல்லூரி மாணவி, அம்பாசமுத்திரம்)

ஃப்ரெண்ட விடுங்க. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்ல ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, இருந்தாரு, பள்ளிக்கூடம்லாம் அரைகுறை, மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துல ஒதுங்கினேன், அப்பவும் மழையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு அவரே சொல்லிக்குவாரு. கி. ராஜநாராயணன். 1923-ல பொறந்தவரு, 1958-ல 'சரஸ்வதி' பத்திரிகைல அவரு கதை வந்தப்ப வயசு முப்பத்தஞ்சு, அதயும் கவனிங்க, இருபதுல எழுதலன்னா எல்லாம் போச்சுன்னு பதட்டப்படறவங்க நெறய பேரு எனக்கு லெட்டர் போடறீங்க. கரிசக்காட்டுப் பேச்ச அப்படியே கதைல வச்சாரு. புரியலன்னு சொன்னவங்க அன்னிக்கும் இருந்தாங்க. மாத்தி எழுதறதுக்குப் பதிலா கரிசல் வார்த்தைக்குன்னே தனியா ஒரு அகராதி போட்டாரு மனுஷன். கடைசில பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி அவரக் கூப்பிட்டு பேராசிரியர்னு உக்கார வச்சுது, 1991-ல சாகித்ய அகாடமியும் குடுத்தாங்க.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை. ஏலே, வாலே, போலேன்னு மூணு தடவ போட்டுட்டா அது நெல்லைத் தமிழ் ஆயிராது, அது சினிமால வர்ற நெல்லைத் தமிழ். உங்க ஆச்சி சாப்பிட்டியான்னு எப்படிக் கேப்பாங்க, கோவமா இருக்கும்போது அதே கேள்விய எப்படிக் கேப்பாங்க? அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் உங்க காதுக்குத்தான் தெரியும், மெட்ராஸ்ல உக்காந்திருக்கற எனக்குத் தெரியாது, உங்க ஃப்ரெண்டுக்கும் தெரியாது.

"ஐடில பத்து வருஷம். வேலைய விட்டுட்டு முழுநேர எழுத்தாளராகலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆசீர்வாதம் வேணும்." (ஒரு வாசகர், சென்னை)

ஆசீர்வாதம் தர மாட்டேன், ராஜினாமா லெட்டர மொதல்ல டிராஃப்ட்ல போடுங்க. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருல ஆ. மாதவன் பாத்திரக்கடை வச்சிருந்தாரு. எவர்சில்வர் குடத்தையும் அண்டாவையும் வித்துக்கிட்டே, கடைக்கு முன்னாடி போறவங்க வர்றவங்க, சுமை தூக்கறவங்க, சில்லறைத் திருடன், இவங்களத்தான் எழுதினாரு, கடைத்தெருவ விட்டு வெளிய போகக் கூட இல்ல. 2015-ல சாகித்ய அகாடமி வாங்கினாரு. தோப்பில் முகம்மது மீரானுக்கு வத்தல் வியாபாரம். நாஞ்சில் நாடன் கம்பெனி விக்கிற சரக்குக்காக ஊர் ஊரா அலைஞ்சவரு. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவில்ல ஜவுளிக்கடை. நாஞ்சில் நாட்டுலயும் அதச் சுத்தியும் மட்டுமே எத்தன கல்லாப்பெட்டி பாருங்க.

சோத்துக்குன்னு மட்டும் சொல்லல. கடைய மூடிட்டு வீட்டுல உக்காந்திருந்தா மாதவனுக்கு ஆளுங்க எங்கேர்ந்து வருவாங்க? உங்க ஆபீஸ்ல லேஆஃப் லிஸ்ட் வர்ற அன்னிக்கு காலைல கேன்டீன் எப்படி இருக்கும், யாரு யாரு கூட உக்காந்து டீ குடிக்க மாட்டாங்க, ஐடி கார்ட எப்படி கழட்டி வப்பாங்க, ராத்திரி பன்னண்டு மணிக்கு கேப்ல வீடு திரும்பற பொண்ணு டிரைவர் கிட்ட என்ன பேசுவா, இதப் பத்தி இன்னும் நூறு கதை வரலாம், எழுதத்தான் ஆள் இல்ல. உள்ள இருக்கற நீங்களே வெளிய வந்துட்டா எப்படி. 

"சொந்தக்காரங்கள வச்சு கதை எழுதினா கோச்சுக்குவாங்களே?" (ஓய்வு பெற்ற ஆசிரியை, கரூர்)

கோச்சுக்குவாங்க டீச்சர். ஆனா நீங்க பயப்படற ஆளு கோச்சுக்க மாட்டாரு, அவரு தன்னையே அதுல பாக்க மாட்டாரு, அட இது நம்ம பக்கத்து வீட்டுக்காரன் மாதிரியே இருக்கேன்னு ரசிச்சுப் படிப்பாரு. நீங்க நெனச்சே பாக்காத ஒரு ஒண்ணுவிட்ட தம்பிதான் கோச்சுக்கிட்டு கல்யாணத்துக்கு வராம இருப்பாரு. ஊரு, வேலை, ஆணா பொண்ணா எல்லாத்தையும் மாத்துங்க. தூத்துக்குடி உப்பளத்தப் பத்தி எழுதணும்னா ராஜம் கிருஷ்ணன் அங்கயே நேரா போய் அந்த சனங்க கூட இருந்து கேட்டு எழுதினாங்க, 'கரிப்பு மணிகள்' அப்படி வந்ததுதான். தெரியாத எடத்துக்குப் போய் கேட்டு எழுதினா சொந்தக்காரங்க பிரச்சனையே இல்ல பாருங்க. ரிட்டயர் ஆயிட்டீங்க, டவுன் பஸ்ஸும் ஃப்ரீ.

"போன இதழ்ல பிரஸ்சுக்கு வந்த ஒரு ஆளப் பத்தி சொன்னீங்களே, காலைல கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்லேர்ந்து தங்கச்சி பேர எடுக்கச் சொல்லிட்டு, சாயங்காலம் வந்து சேத்துருங்கன்னு சொன்னவரு. அத நீங்க கதையா எழுதினீங்களா? எழுதியிருந்தா எதுல வந்துச்சு, படிக்கணும்." (ஒரு வாசகர், சாத்தூர்)

எழுதினேன், எங்கயும் வரல. நாலு தடவ எழுதி நாலு தடவயும் பாழாப் போச்சு.

அந்தக் காலத்து பிரஸ் பத்தி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயத் துண்டு. கட்டம் கட்டமா இருக்கற மரக் கேஸ்லேர்ந்து கம்பாசிட்டர் ஒண்ணொண்ணா எடுத்து ஸ்டிக்ல கோப்பாரு, எல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி இருக்கும், அவரு அத நேரா படிக்கற மாதிரியே படிப்பாரு. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சே, அதுக்கப்புறமும் எங்க பிரஸ்ல யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு வச்ச பழைய லை, ளை எல்லாம் ஒரு கட்டத்துல கெடந்துச்சு, அதுதான் வேணும்னு கேக்கற பெருசுங்க இருந்தாங்க. அடிச்சு முடிச்சதும் அந்த எழுத்த எல்லாம் பிரிச்சு திரும்ப அதது கட்டத்துல போடணும், அதுதான் என் வேலை. ஒரு ன வந்து ண கட்டத்துல விழுந்தா மண்டைல நங்குன்னு ஒண்ணு விழும்.

அந்த ஆளு அப்பாவுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தாரு. மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்தின்னு லிஸ்ட் குடுத்தாரு. புரூஃப் எடுத்துக் குடுத்ததும் ரொம்ப நேரம் பாத்துட்டு, ரெண்டாவது மகள் பேரு இருக்கற வரிய எடுத்துருங்கன்னாரு. சாயங்காலம் கடைய அடைக்கற நேரத்துல சைக்கிள்ல வந்து, அத திரும்ப சேக்க முடியுமான்னு கேட்டாரு. இவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது. 

மொத தடவ எழுதும்போது அந்தத் தங்கச்சி வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டு போனதா வச்சேன். ரெண்டாவது தடவ சொத்துத் தகராறு. மூணாவதுல அவரே ஒரு பக்கத்துக்கு அழுதாரு. நாலாவது தடவ தங்கச்சியே சொல்ற மாதிரி எழுதினேன், அது இன்னும் மோசம். எல்லாத்துலயும் நான் ஏன் ஏன்னு காரணம் சொல்லிக்கிட்டே இருந்தேன், காரணம் சொல்லச் சொல்ல கதை செத்துக்கிட்டே வந்துச்சு. சரி வராதுன்னு அப்படியே பரண்ல போட்டுட்டேன்.

போன இதழ் வந்து மூணாம் நாள் ஒரு ஃபோன். அந்த கம்பாசிட்டர் அண்ணாச்சி. எம்பது வயசு தாண்டியிருக்கும், எங்கேயோ நம்பர் வாங்கியிருக்காரு. எடுத்ததுமே, "ஏலே, நல்லாத்தான் எழுதியிருக்க, ஆனா முக்கியமான சங்கதிய விட்டுட்டியே"ன்னாரு. என்ன அண்ணாச்சின்னேன். "அந்த வரிய நான் கலைக்கல தெரியும்லா. நூல் போட்டுக் கட்டி ஜன்னல் திண்டுல வச்சேன். நீ எடுத்துப் பிரிக்கப் போன, நான் வையில அங்கனன்னு சத்தம் போட்டேன். மறந்துட்டியோ?" 

மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். அவரு சொன்னதும் அந்த திண்டும், அதுல கெடந்த காஞ்ச பசை டப்பாவும், நூல் கட்டின அந்த ஒத்த வரியும் கண்ணு முன்னாடி வந்துருச்சு. அவரு திரும்பி வருவாருன்னு உங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்னு கேட்டேன்.

"எத்தன நோட்டீஸ் அடிச்சிருக்கேன். பேர வெட்டணும்னு வாறவன்ல ரெண்டு ரகம் உண்டும். ஒருத்தன் நம்ம கிட்ட பேனாவ வாங்கி புரூஃப்ல சர்ருன்னு அடிச்சுட்டுப் போவான், அவன் வரமாட்டான், நான் அப்பவே பிரிச்சுருவேன். இன்னொருத்தன் அடிக்க மாட்டான், விரல வச்சு அந்தப் பேர மறைச்சுப் பாப்பான். எடுப்பான், திரும்ப வப்பான். இவரு மூணு தடவ வச்சு எடுத்தாரு."

அப்புறம் மருந்து சாப்பிடற நேரம்னு ஃபோன வச்சுட்டாரு. 

சாத்தூர்க்காரரே, அஞ்சாவது தடவயா எழுத ஆரம்பிச்சிருக்கேன். இதுல தங்கச்சி எதுக்காகப் போனாங்கன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. விரல்லேர்ந்து ஆரம்பிச்சு இப்ப ஜன்னல் வரைக்கும் வந்திருக்கேன், முடிஞ்சா அனுப்பறேன்.